ஆண்மையும் அளவையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடை என்பது கம்பனும் இளங்கோவும் பேசப்படும் இடம்; பிள்ளைகளின் நடனமும் நாடகமும் நடைபெறும் இடம். இவ்வாண்டு உடல்நலம் குறித்தும் ஒருவர் பேசுதல் நலம் என்று செயற்குழு கருதிற்று. அப்பணியை என் தலைமேல் வைத்தது. நான் மருத்துவன் அல்லேன். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்தவன். பிறர் மூட்டையை எடை போட்டு இரசீது எழுதுவதே என் தொழில். எனினும், மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னையே எடை போட்டுப் பார்க்க வேண்டிய நிலை எனக்கு நேர்ந்தது. அந்த அனுபவத்தையும், அதன் பொருட்டுப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

இந்த நாகபுரியிலிருந்து விடுமுறைக்கு ஊர் செல்லும்போதும், வடக்கே தில்லிப் பக்கம் போகும்போதும், இருப்புப் பாதையை ஒட்டிய சுவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'மர்தானா கம்சோரி', 'குப்த ரோக்' என்று ஆள் உயர எழுத்துக்களில் எழுதியிருக்கும். தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்தால் எழுத்து மாறுகிறதே அன்றி விஷயம் மாறுவதில்லை. இன்ன கிழமை, இன்ன லாட்ஜில், ஆண்மைக் குறைவைத் தீர்க்கும் வைத்தியர் தங்குவார் என்று காண்கிறோம். இத்தகைய விளம்பரங்களைத் தடை செய்யும் சட்டம் நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. விளம்பரம் சுவரில் இருக்கிறது.

தாய்மார்கள் அமர்ந்திருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று சிலர் எண்ணலாம். தாய்மார்கள் இருக்கும் சபையில்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம். ஓர் ஆண் தன் உடலைப் பற்றி வெட்கப்பட்டு மறைக்கும்போது அதன் துன்பத்தில் பாதியைச் சுமப்பவள் அவன் வீட்டுப் பெண். அதற்கு ஒரு சான்றைப் பின்னர் சொல்லுகிறேன்.

முதலில் என் கதை. எனக்கு அப்போது வயது நாற்பத்துமூன்று. சில மாதங்களாகச் சோர்வு. அலுவலகத்தில் கணக்கு எழுதும்போதே கண் சொக்கும். வீட்டில் எதற்கெடுத்தாலும் கோபம். "ஏங்க, பிள்ளைகள் மேல் ஏன் இப்படி எரிந்து விழுகிறீர்கள்? உங்களுக்கு உடம்பில் என்னதான் செய்கிறது?" என்று என் மனைவி கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். இல்லற வாழ்விலும் நாட்டம் குறைந்திருந்தது. அதை யாரிடம் சொல்வது? சுவர் விளம்பரத்தில் கண்ட இடத்துக்கு யாருமறியாமல் போய், மூன்று மாதத்துக்கு வேண்டிய சூரணத்தை வாங்கி வந்து பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். பணம் கரைந்ததே தவிர, சோர்வு தீரவில்லை.

பிறகு ஒருநாள் இரவுப் பணி முடித்து, பகலில் அரைகுறையாய்த் தூங்கி, மாலை ஐந்து மணிக்கு ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குச் சென்றேன். டெஸ்டாஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் அளவு 238 என்று தாள் கொடுத்தார்கள். அந்நிலையம் வகுத்திருந்த கீழ் எல்லை 300. அங்கிருந்த ஒருவர், "வாரம் ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும், எங்கே கிடைக்கும் என்று நான் சொல்லுகிறேன்" என்றார். அன்றிரவு நான் உறங்கவில்லை. ஆண்மகன் என்னும் பட்டத்தை ஒரு துண்டுத்தாள் பறித்துவிட்டதாகவே கருதினேன்.

நல்ல வேளையாக, மறுநாள் அந்தத் தாளை நம் ஆஸ்பத்திரியின் டாக்டர் ஒருவரிடம் காட்டினேன். அந்த மராட்டியப் பெருமகனார் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, "எண்ணைப் பிறகு பார்ப்போம், உம்மை முதலில் பார்ப்போம்" என்றார். அவர் கேட்ட கேள்விகளே இன்றைய என் சொற்பொழிவின் தலைப்புகள். அவற்றைச் சொல்லுமுன் இந்த ஹார்மோன் இன்னதென்று சிறிது விளக்க வேண்டும்.

டெஸ்டாஸ்டிரோன் என்பது ஆணின் விதைகளில் சுரந்து நேரே இரத்தத்தில் கலக்கும் ஒரு பொருள். பெண்களின் உடலிலும் சிறிதளவு உண்டு. பையனுக்குக் குரல் உடைவதும், மீசை அரும்புவதும், தசை திரள்வதும் இதன் வேலை. எலும்பின் உறுதிக்கும் இரத்தச் சிவப்பணுக்களின் பெருக்கத்துக்கும் இது வேண்டும். 1849-இல் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் பெர்த்தோல்ட் என்பார் இளஞ்சேவல்களின் விதைகளை நீக்கிப் பார்த்தார். அவற்றின் கொண்டை சுருங்கிற்று. கூவுவதும் சண்டையிடுவதும் நின்றன. விதையை மீண்டும் வயிற்றினுள் வைத்தபோது சேவல் சேவலாயிற்று. நரம்புத் தொடர்பு அறுபட்ட பின்னும் இது நிகழ்ந்தமையால், ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே செல்கிறது என்பது தெளிவாயிற்று.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1889-இல், பாரிஸ் நகரில் பிரௌன் செக்கார் என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானி, தம் எழுபத்திரண்டாம் வயதில், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு, இளமை திரும்பிற்று என்று விஞ்ஞானிகள் சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் ஹார்மோன் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. திரும்பியது இளமை அன்று, நம்பிக்கையே. அவ்வளவு பெரிய அறிஞரே ஏமாந்தார் எனின், பீரோவில் சூரணம் ஒளித்த இந்தக் குமாஸ்தாவை நீங்கள் மன்னிக்கலாம்.

உண்மையான பொருள் 1935-இல்தான் கையில் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் என்பவரின் குழுவினர் ஏறத்தாழ 100 கிலோ காளை விதைகளிலிருந்து 10 மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்தனர். ஓர் ஆணின் உடல் நாளொன்றுக்குச் செய்வது சுமார் 5 முதல் 7 மில்லிகிராம். இரண்டு மூன்று கடுகின் எடை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இதற்கும் பொருந்தும்.

இதன் நிர்வாகத்தை நம்மவர்க்கு எளிதில் விளக்கலாம். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி உள்ளது. அது கன்ட்ரோல் ஆபீஸ். அதன்கீழ் பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி. அது ஸ்டேஷன் மாஸ்டர். கன்ட்ரோலிலிருந்து வரும் உத்தரவைப் பெற்று, ஸ்டேஷன் மாஸ்டர் விதைகளுக்குச் செய்தி அனுப்புகிறார்; விதைகள் ஹார்மோனையும் விந்தணுக்களையும் உண்டாக்குகின்றன. இரத்தத்தில் ஹார்மோன் போதிய அளவு ஏறியதும், 'போதும்' என்று கன்ட்ரோலுக்குத் தகவல் போகிறது, உத்தரவு குறைகிறது. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊசியைப் பற்றிப் பேசும்போது இது வேண்டும்.

இனி டாக்டரின் கேள்விகள்.

முதற்கேள்வி: "இரத்தம் எப்போது எடுத்தார்கள்?" மாலையில் என்றேன். அவர் சிரித்தார். இந்த ஹார்மோன் விடியற்காலையில் உச்சத்திலும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும். காய்ச்சல் முதலிய நோயில் கிடக்கும்போதும் தாழும். உணவு உண்டதும் சற்றுத் தாழும். ஆதலால் நன்கு உறங்கி எழுந்து, காலையில் வெறும் வயிற்றில், வேறு வேறு நாட்களில் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பது முறை. வளர்ந்த ஆணுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை இயல்பு என்பர். எல்லை நிலையத்துக்கு நிலையம் சிறிது மாறும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்ணிய பொருளை ஒரே ஒரு மாலை வேளையில் அளந்து ஒருவனுடைய தலையெழுத்தை முடிவு செய்தல் தகாது. இரண்டு நாள் ஓய்வுக்குப் பின் காலையில் எடுத்தபோது எனக்கு 352; அடுத்த வாரம் 367. என் தலையிலிருந்து ஒரு குவிண்டால் சுமை இறங்கிற்று.

இரண்டாம் கேள்வி: "எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்?" இரவுப் பணி உள்ள வாரத்தில் நான்கைந்து மணி என்றேன். இந்த ஹார்மோன் பெரும்பாலும் உறக்கத்திலேயே ஏறுகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரமே உறங்கச் செய்தனர். பகல் நேர அளவு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை குறைந்தது. வயதினால் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் குறையும். ஒரு வாரக் கண்விழிப்பு, ஏறக்குறைய பத்தாண்டு மூப்பைப் போன்றதாயிற்று. கேபின்களிலும் யார்டுகளிலும் எஞ்சின்களிலும் இரவெல்லாம் விழித்திருக்கும் நம்மவர் இதைக் கருத வேண்டும். குறட்டைவிட்டு, நடுவே மூச்சு நின்று, திடுக்கிட்டு விழிக்கும் நோய் உள்ளவர்க்கும் உறக்கம் கெடுகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்: இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்கும்போது, ஜன்னலை மறைத்து, அழைப்பு மணியையும் டெலிவிஷனையும் அடக்கி வையுங்கள். எந்த லேகியத்தையும்விட அது மேலானது.

மூன்றாம் கேள்வி: "எடை என்ன?" தெரியாது என்றேன். நாள்தோறும் தராசின் அருகில் நிற்பவனுக்குத் தன் எடை தெரியவில்லை! அன்று மாலை பார்சல் தராசில் ஏறினேன், 91 கிலோ. என் உயரத்துக்கு இருபது கிலோவுக்கு மேல் அதிகம். கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சரக்கு அன்று. கொழுப்புத் திசுவில் உள்ள ஒரு நொதி ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. பருத்த உடலில் கன்ட்ரோலின் உத்தரவும் மந்தமாகிறது. சர்க்கரை நோயும் இதனோடு கைகோத்து வருவது. எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. எடை குறையும்போது ஹார்மோன் ஏறுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. இங்கு ஒரு நுட்பமும் உண்டு: இரத்தத்தில் உள்ள இந்த ஹார்மோனில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு புரதங்களைப் பற்றிக்கொண்டு செல்வது, ஏறக்குறைய இரண்டு பங்கே தனித்துத் திரிவது. பருத்தவர்க்கு அந்தச் சுமக்கும் புரதம் குறைவதால், மொத்த அளவு குறைந்து தோன்றினாலும் தனித்திருக்கும் பங்கு சரியாக இருத்தல் கூடும். ஆகவே தாளைப் படித்துப் பொருள் சொல்லுவது மருத்துவரின் வேலை. நம் வேலை அன்று.

நான்காம் கேள்வி: "வேறு நோய் உண்டா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்?" பொன்னுக்கு வீங்கி வயது வந்த பின் வந்தால் சிலருக்கு விதைகளையும் தாக்கும். பிறக்கும்போது விதை கீழிறங்காத குழந்தைகள் உண்டு. அத்தகைய குழந்தையை முதல் ஆண்டுக்குள் மருத்துவரிடம் காட்டி, ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்துவிடுதல் நலம். பிட்யூட்டரியில் கட்டி, விதையில் பட்ட அடி ஆகியவையும் காரணமாகும். அபின் இனத்தைச் சேர்ந்த வலி மாத்திரைகளையும், ஆஸ்துமாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் தரும் ஸ்டிராய்டு மாத்திரைகளையும் நாள்பட உண்டால் அளவு குறையும். அதற்காக நாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது; மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் கேள்வி: "குடி, புகை?" மிகுந்த மது விதைகளையே நேராகக் கெடுக்கிறது, ஈரலையும் கெடுத்து ஹார்மோன்களின் சமநிலையைக் குலைக்கிறது. புகையின் கதை வேறு. புகைப்பவர்களின் டெஸ்டாஸ்டிரோன் அளவு குறைந்து காணப்படுவதில்லை. உடனே பீடிக்கட்டை எடுக்க வேண்டாம்! புகை இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது, விந்தணுவையும் கெடுக்கிறது. அளவு சரியாக இருந்தும் வாழ்வு சரியாக இல்லாமற் போகலாம் என்பதற்கு இதுவே சான்று.

ஆறாவது உணவு. இதை டாக்டர் கேட்கவில்லை, நானே கேட்டேன். 1983-இல் 'முந்தானை முடிச்சு' திரைப்படம் வந்த பிறகு நம்மவரிடையே முருங்கைக்காய் பட்ட பாடு நீங்கள் அறிவீர்கள். முருங்கை நல்ல காய். சாம்பாருக்கு மிக நல்லது. ஆனால் எந்த ஒரு காயும் இந்த ஹார்மோனை மாயமாக ஏற்றிவிடாது. உணவில் ஒன்று குறைந்தால் கெடுதல் உண்டு என்பது மட்டும் உண்மை. பீகாரில் பக்ஸர் என்னும் ஊரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், 1958-இல் ஈரான் நாட்டு ஷிராஸ் நகரில் இருபத்தோரு வயது இளைஞன் ஒருவனைக் கண்டார். பார்வைக்குப் பத்து வயதுச் சிறுவன். பருவத்தின் அடையாளம் ஏதுமில்லை. அவன் உண்டது பெரும்பாலும் ரொட்டி, மண்ணையும் தின்றான். அவ்வாறே எகிப்தில் கண்ட இளைஞர்களை ஆராய்ந்து, துத்தநாகச் சத்தின் குறைவே காரணம் என்று பிரசாத் காட்டினார். அச்சத்தைக் கொடுத்தபோது அவர்கள் வளர்ந்தனர், பருவமும் எய்தினர். இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம், குறைவு உள்ளவர்க்கே மருந்து என்பது. பயறு, பருப்பு, கடலை, முட்டை, பால், மீன் என்று கலந்து உண்பவர் துத்தநாக மாத்திரையை வாங்கி விழுங்கினால் அளவு ஏறாது. பட்டினி கிடந்து எடையைத் திடீரென்று குறைப்பதும் அளவைத் தாழ்த்தும்.

வயதைப் பற்றி அஞ்ச வேண்டுமா? பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது போன்ற ஒரு நிறுத்தம் ஆண்களுக்கு இல்லை. சிறுகச் சிறுகவே குறைகிறது. ஐரோப்பாவில் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். அறிகுறியும் குறைந்த அளவும் சேர்ந்து, உண்மையான குறைபாடு உடையவர் நூற்றுக்கு இருவரே. ஆனால் சுவர் விளம்பரத்தைப் பார்த்தால் நூற்றுக்கு நூறு பேரும் நோயாளி என்று தோன்றும். அந்த இருவருக்கு ஹார்மோன் சிகிச்சை உண்மையிலேயே நன்மை செய்யும். அவர்கள் வெட்கப்படாமல் பெற வேண்டும். ஏனைய தொண்ணூற்றெட்டுப் பேர் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இனி, முன்னர்ச் சொல்லுவதாகக் கூறிய சான்று. இந்தக் குடியிருப்பில் அன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு கோட்டத்தில் இருந்தபோது நடந்தது. நம் தமிழ்த் தம்பி ஒருவர், நல்ல உழைப்பாளி. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்த் தோளும் மார்பும் பெருத்து, பார்ப்பவர் வியக்க இருந்தார். திருமணமாகி மூன்று ஆண்டுகள் பிள்ளை இல்லை. அந்தப் பெண் சஷ்டி விரதம் இருந்தாள். அரச மரத்தைச் சுற்றினாள். மூன்று மருத்துவர்களிடம் பரிசோதனை செய்துகொண்டாள். மாமியார் அவளை ஒரு சொல் சொல்லி, அவள் எங்கள் வீட்டுச் சமையலறையில் என் மனைவியின் மடியில் முகம் புதைத்து அழுததை நான் மறக்கவில்லை. அந்த மூன்று ஆண்டில் கணவரை ஒரு முறையேனும் பரிசோதிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை திடகாத்திரமான ஆளுக்குக் குறையா?

இறுதியில் பரிசோதித்தபோது விந்தணு ஒன்றுகூட இல்லை. டாக்டர் தனியே அழைத்துக் கேட்க, உடல் பெருக்கப் பயிற்சியாளர் ஒருவர் சொல்லி நான்கு ஆண்டுகளாக டெஸ்டாஸ்டிரோன் ஊசி போட்டு வந்ததை அவர் ஒப்புக்கொண்டார். நான் முன்பு சொன்ன ஏற்பாட்டை நினைவுகூருங்கள். வெளியிலிருந்து சரக்கு வந்து குவிந்ததும், 'போதும்' என்று கன்ட்ரோலுக்குத் தகவல் போகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் செய்தி அனுப்புவதை நிறுத்துகிறார். விதைகள் வேலையை விட்டுச் சுருங்குகின்றன; விந்தணு உற்பத்தி நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதே ஊசியை ஆண்களுக்குரிய கருத்தடையாகவே சோதித்துப் பார்த்திருக்கிறது! 1990-இல் வெளியான அந்த ஆய்வில், ஏழு நாடுகளில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் கொடுத்தபோது, பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆறு மாதத்துக்குள் விந்தணு அறவே இல்லாமற் போயிற்று. ஆண்மை பெருகும் என்று விற்கப்படும் பொருள், தந்தையாகும் வழியை அடைத்துவிடுகிறது. அத்துடன் இரத்தம் தடித்தலும் நேரும்.

நற்பேறாக, நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு உற்பத்தி திரும்புகிறது, மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். அந்தத் தம்பி நிறுத்தினார். மருத்துவர் சொற்படி நடந்தார். ஒன்றரை ஆண்டு கழித்து அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் அந்தப் பெண் அழுத மூன்று ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்? பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆணின் பக்கமும் காரணம் உண்டு. எனவே முதல் நாளே இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஆணுக்குரிய முதற்பரிசோதனை எளிது, வலியற்றது, செலவும் குறைந்தது. மருமகளை நோக்கி ஒரு சொல் சொல்லுமுன், மாமியார்மார் இதை நினைக்க வேண்டுகிறேன்.

இறுதியாக ஒன்று. இந்த ஹார்மோன் மனத்தோடும் உறவோடும் சேர்ந்து ஏறி இறங்குவது. 1994-ஆம் ஆண்டு உலகக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் பிரேசில் இத்தாலியை வென்றபோது, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிரேசில் ரசிகர்களின் உமிழ்நீரில் இது ஏறியது. இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியது. பந்தைத் தொடாதவர்களுக்கே இந்த நிலை! இதைவிட என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சிபூ நகரில் 624 இளைஞர்களின் அளவை 2005-இலும் 2009-இலும் எடுத்துப் பார்த்தனர். முதலில் அளவு உயர்ந்திருந்தவர்களே மணமாகித் தந்தையராவது மிகுதியாயிருந்தது. தந்தையான பின் அவர்களுக்கு அளவு நன்றாகவே இறங்கிற்று. நாளொன்றுக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைப் பேணிய தந்தையர்க்கு, பேணாதவரைவிடக் குறைவாயிருந்தது. இது நோய் அன்று. குழந்தையைத் தோளில் போட்டு உறங்க வைக்கும் தந்தையை, அந்தப் பணிக்கு இயற்கை பக்குவப்படுத்துகிறது போலும். அளவு குறைந்தால் ஆண்மை குறைந்தது என்று சொல்லுபவர், தாலாட்டுப் பாடும் தந்தையை என்னவென்று சொல்லுவார்? வள்ளுவர், பிறர் மனைவியை விரும்பி நோக்காத உறுதியையே பேராண்மை எனக் கொண்டார். அந்தப் பேராண்மையை அளக்க எந்தப் பரிசோதனை நிலையத்திலும் கருவி இல்லை.

என் கதையை முடிக்கிறேன். எனக்கு ஊசி போடவில்லை. டாக்டர் சொற்படி காலையில் நாற்பத்தைந்து நிமிடம் நடந்தேன். வாரம் மூன்று நாள் பளு தூக்கிப் பயின்றேன். இரவுச் சோற்றைக் குறைத்தேன். இரவுப் பணி வாரத்தில் பகலில் ஏழு மணி நேரம் உறங்க என் மனைவி வழி செய்தாள். பதினோரு மாதத்தில் 91 கிலோ 80 ஆயிற்று. காலை அளவு 448. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து நான் மகிழ்ந்ததைவிட, "அப்பா இப்போதெல்லாம் கத்துவதில்லை" என்று என் இளைய மகள் சொல்லக் கேட்டு மகிழ்ந்ததே அதிகம். பீரோவில் இருந்த சூரண டப்பாவை நானே எடுத்து மனைவியிடம் காட்டினேன். அவள் சிரித்தாள், பிறகு, "இதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை.

ஆகவே சகோதரர்களே, சோர்வும் நாட்டக் குறைவும் நீடித்தால் மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் செல்லுங்கள், காலையில் இருமுறை பரிசோதியுங்கள். சுவரைப் பார்த்து மருந்து வாங்காதீர்கள். பிறர் பேச்சைக் கேட்டு ஊசி போடாதீர்கள். இளைஞர்களே, தோளைப் பயிற்சியால் வளர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.